முதுகில் என் பெயர்

துபாய்,
3 ஜூலை 2025, வியாழக்கிழமை.

அன்பு மருமகள் ராதிகாவுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கு நானும் உன் அத்தையும் நலமாக இருக்கிறோம். ஆறாம் மாதத்தில் இருக்கும் உன் உடல்நலம் பற்றிய நினைவோடுதான் எங்கள் நாள் தொடங்குகிறது, முடிவதும் அப்படித்தான்.

இந்தக் கடிதம் வீட்டு முகவரிக்கு வராமல், நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குக் கூரியரில் வந்திருப்பது உனக்கு வியப்பாக இருக்கும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இதனுடன் ஒட்டப்பட்ட வெள்ளை உறை ஒன்றும் இருக்கும். கடிதத்தை முழுதும் படித்த பிறகே அதைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று முறை உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, டாக்டரிடம் போனாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதிக் கையெழுத்திட்டால் பின்வாங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே வெயில் நாற்பத்தாறு பாகை. மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெளியில் யாரும் வேலை செய்யக்கூடாது என்ற சட்டம் நடப்பில் இருப்பதால், அந்த நேரத்தில் எங்கள் கன்டெய்னர் யார்டைச் சுற்றி வந்து, எவனாவது ஒளிந்து வேலை செய்கிறானா என்று பார்ப்பது பாதுகாப்பு அதிகாரியான என் பொறுப்பு. உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குழந்தைக்கென்று அவள் தைத்த சட்டைகளைத் தனியாக அனுப்புவாள்.

சென்ற வெள்ளிக்கிழமை நீ அவளுடன் பேசியபோது அவள் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “இவர் குளிக்கும்போது டிசம்பர், நவம்பர், அக்டோபர்னு மாசத்தையெல்லாம் தலைகீழா சொல்லிக்கிட்டிருக்கார் அத்தை. குழந்தை பிறக்கிற மாசத்தை எண்ணுறாரோ என்னமோ!” அத்தையும் சிரித்தாள். நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டேன். பாதிச் சோறு தட்டில் இருந்தது.

அம்மா, அது குழந்தைக்கான கணக்கு அன்று. நான் அருளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஜூலை பதினான்காம் தேதி புதிய அணியின் மருத்துவர்கள் அவனைப் பரிசோதிக்கப்போகிறார்கள். அவர்களை ஏமாற்றுவதற்காக அதை மறுபடியும் மனப்பாடம் செய்கிறான்.

முறையாகத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அருள் பன்னிரண்டு வயதில், இங்கே அமெரிக்கக் குடும்பங்கள் நடத்திய அமெரிக்கக் கால்பந்துக் கழகம் ஒன்றில் சேர ஆசைப்பட்டான். பதினோரு பக்கச் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். விதிப்புத்தகம் ஒன்று தந்தார்கள். அதையும் முழுதும் படித்தேன். அவ்வளவு விதிகள் உள்ள விளையாட்டு என் மகனைக் கெடுக்காது என்று நினைத்தேன். ஆனால் அவன் விளையாடிய ஒரு ஆட்டத்தைக்கூடக் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. அவன் நின்ற இடத்துக்கு லைன்பேக்கர் என்று பெயர். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, எதிரணி எந்தப் பக்கம் நகரப்போகிறது என்று கணித்து, பந்தோடு வருபவனை உடம்பால் மோதி வீழ்த்த வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு அது அடியாள் வேலையாகத் தோன்றியது என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த விளையாட்டின் பேரில்தான் அமெரிக்கக் கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்தது. நான் இங்கே தமிழ்ச் சங்கத்தில், பையன் மெக்கானிக்கல் படிக்கிறான் என்று சொன்னேன். படிப்பு முடிந்து ஓர் அணியில் சேர்ந்தபோது, ஒரு கார் கம்பெனியில் இருக்கிறான் என்றேன். முதல் இரண்டு ஆண்டுகள் அவன் பயிற்சி அணியில்தான் இருந்தான். வாரமெல்லாம் மற்றவர்களோடு மோதிப் பழக வேண்டும். ஞாயிறு ஆட்டத்துக்குச் சட்டை கிடையாது. அந்த இரண்டு ஆண்டுகளும் என் பொய்க்கு வசதியாக இருந்தன. யாரும் அவனைத் தொலைக்காட்சியில் பார்க்க வழியில்லை.

சென்ற ஆண்டு செப்டம்பரில் அணியின் மூத்த வீரர் ஒருவருக்கு முழங்கால் போய்விட, அந்த இடம் அருளுக்குக் கிடைத்தது. அடுத்த வாரமே கராமாவில் உணவகம் நடத்தும் கீழக்கரை இர்ஷாத் கைப்பேசியை நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். “அண்ணே, இது யாருண்ணே? முதுகுல கார்மேகம்னு போட்டிருக்கு! உங்க பையன் மெக்கானிக்கல்னுல்ல சொன்னீங்க? இவன் ஆளையே மெக்கானிக்கலாக் கழட்டுறானே!” என்று கடை முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பன் பெயர் கடைசியில் நிற்கும். அமெரிக்காக்காரன் அந்தக் கடைசிப் பெயரை எடுத்துச் சட்டையில் அச்சடித்துவிட்டான். இருபத்தேழு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அறிக்கைகளின் அடியில் மட்டுமே இருந்த என் பெயர், எழுபதாயிரம் பேர் பார்க்கும் மைதானத்தில், ஆறடி இரண்டங்குல உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை இர்ஷாத்தின் கைப்பேசியில் நான்கு முறை போடச் சொல்லிப் பார்த்தேன். நான்கு முறையும் நான் பார்த்தது என் மகனை அல்ல.

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ஆட்டம் லண்டனில் என்று அறிவித்தார்கள். இங்கே ஞாயிறு மாலை ஐந்தரை மணி. அருள் எங்கள் இருவருக்கும் நுழைவுச்சீட்டு ஏற்பாடு செய்துவிட்டு, கட்டாயம் வரவேண்டும் என்றான். விசா கிடைப்பது கடினம் என்று பதில் சொன்னேன். ராதிகா, நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. உன் அத்தைக்கும் இன்றுவரை இது தெரியாது. லண்டனில் அந்தப் பெயர் யாருடையது என்று எவருக்கும் தெரியாது, துபாயில் தெரியும். அதனால் இர்ஷாத்தின் கடை மாடியைப் பிடித்து, பெரிய திரை வாடகைக்கு எடுத்து, நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பினேன். சங்கத் தலைவர் பொன்னாடையோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

அக்டோபர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு அருள் அழைத்தான். உங்களுக்கு முந்தைய இரவு. நான் ஜெபல் அலி யார்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது என்பது விதி. எனவே ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். அன்று நான் மதித்து நடந்த விதி அது ஒன்றுதான்.

“பிராக்டிஸ்ல தலையும் தலையும் மோதிடுச்சுப்பா. யாரும் நோட் பண்ணல. வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சு, மேப் போட்டு வந்தேன். லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுது” என்றான். நீ உறங்கிவிட்டாய் என்றும், உன்னை எழுப்பவில்லை என்றும் சொன்னான். பிறகு ஒன்று கேட்டான். “அப்பா, உங்க யார்டுல ஒருத்தன் வந்து இப்படிச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவன் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நிறுத்தச் சொல்வேன் என்று நம்பித்தான் அழைத்தான். இத்தனை வருடமும் பார்ப்பவனையெல்லாம் நிறுத்திய மனிதன் தன்னையும் நிறுத்திவிடுவான், பிறகு பழி தன்னைச் சேராது என்று நினைத்திருக்கிறான். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

யார்டு வேறு, உன் தொழில் வேறு என்றேன். இப்போது சொன்னால் கிடைத்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும், ஞாயிறு கழியட்டும் என்றேன். ராதிகாவிடம் சொல்லாதே, வீணாகப் பயப்படுவாள் என்றேன். சந்தேகம் வந்தால் டாக்டர்கள் என்ன கேட்பார்கள் என்று கேட்டேன். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள் என்றான். சொல் பார்ப்போம் என்றேன்.

சிறுவயதில் வாய்ப்பாடு கேட்பேனே, அதே குரலில் கேட்டேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஜூலை என்றான். ஆகஸ்ட் எங்கே என்றேன். மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் ஆகஸ்ட் விட்டுப்போயிற்று. மூன்றாம் முறை நானே எடுத்துக்கொடுத்தேன். ஐந்தாம் முறை பிழையில்லாமல் சொன்னான். சபாஷ் என்றேன், ராதிகா. இந்த வாயால் சபாஷ் என்றேன்.

அன்று காலை ஒன்பதே காலுக்கு யார்டில், கன்டெய்னர்களைப் பிணைக்கும் இரும்புக் கொக்கி ஒன்று அழகுமலை என்ற தொழிலாளியின் ஹெல்மெட்டில் விழுந்தது. முதுகுளத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். “ஒண்ணுமில்ல சார், லேசாத் தட்டுச்சு. டூட்டியை கட் பண்ணிறாதீங்க சார்” என்று கெஞ்சினார். இரண்டு நாள் ஓய்வு, மருத்துவரின் கண்காணிப்பு, அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலைக்குத் திரும்பக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைக்காயத்தில் காயம்பட்டவனின் வாக்குமூலத்தை ஏற்கக்கூடாது என்று மேற்பார்வையாளருக்கு ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்தக் காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நேரமும் தேதியும் அதில் இருக்கின்றன.

ஞாயிறன்று அழகுமலையும் வந்திருந்தார். ஓய்வு கொடுத்துச் சம்பளத்தையும் பிடிக்காமல் பார்த்துக்கொண்ட நன்றிக்காக, ஒரு கிலோ பேரீச்சம்பழத்தோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஒருவர் இது கபடிதான், பந்தை மட்டும் சேர்த்துவிட்டான் என்றார். இன்னொருவர், “என்ன சார், தம்பி பந்தைத் தொடவே மாட்டேங்குது? காசு குடுத்து வாங்கின பந்துதானே!” என்று கேட்க, மாடியே சிரித்தது. இரண்டாம் கட்டத்தில் அருள் ஒருவனைத் தூக்கித் தரையில் போட்டபோது வர்ணனையாளர் என் பெயரைச் சொன்னார். தப்பும் தவறுமாக, கர்மிகம் என்று. நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று, நானே வீழ்த்தியவன்போலக் கும்பிட்டேன்.

அழகுமலை மட்டும் கைதட்டவில்லை. இடைவேளையில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “சார், தம்பி ஏன் சும்மாச் சும்மாத் தலையை உதறுது? எனக்கும் வியாழக்கிழமை அப்படித்தான் சார் இருந்துச்சு. காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி.” அது அவர்கள் பழக்கம், ஹெல்மெட் சரியாக உட்காருவதற்காக என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, ஆட்டம் முடியும் முன்பே போய்விட்டார். அதன்பின் யார்டில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார், நின்று பேசுவதில்லை.

நவம்பர் இருபத்துநான்காம் தேதி நடந்தது உனக்குத் தெரியும். நீ மைதானத்தில் இருந்தாய். மோதி விழுந்தவன் எழுந்து, தன் அணியை விட்டுவிட்டு எதிரணி நிற்கும் பக்கம் நடந்துபோனான். அவர்கள்தான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நான் அதை நேரலையில் பார்த்தேன். உன் அத்தை சமையலறையில் இருந்தாள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இன்று ஒளிபரப்பு இல்லை என்று சொன்னேன்.

எல்லாக் காகிதங்களிலும் நவம்பர் அடியைத்தான் முதல் அடி என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் முழுதும் குணமாகிவிட்டது என்கிறார்கள். அதை நம்பித்தான் புதிய அணி அழைத்திருக்கிறது. அது முதல் அடி அன்று. ஆறு வாரங்களுக்கு முன்பு ஒன்று விழுந்து, அது ஆறும் முன்பே நான் அவனை லண்டனுக்கு அனுப்பினேன். இது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். எட்டு மாதங்களாக அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருமுறைகூட என் மேல் கோபப்படவும் இல்லை. பொங்கலன்று அழைத்து, உங்க ஆபீஸ் அவார்டு போட்டோ பார்த்தேன்பா, சூப்பர் என்றான். ஆயிரம் நாள் உயிரிழப்பு இல்லாமல் யார்டை நடத்தியதற்காக மேடையில் கொடுத்த கேடயம் அது. இப்போது அது அலமாரியில், பழைய திரைச்சீலைகளுக்கு அடியில் இருக்கிறது.

இது முதலில் அருள் கையில் கிடைத்துவிடக்கூடாது என்றுதான் உன் மருத்துவமனை முகவரிக்கு அனுப்பினேன். கடிதத்தைத் தமிழில் எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. பள்ளியில் அவனுக்கு இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்துக்கொடுத்தேன்; தமிழ் படிக்கத் தெரியாது. தற்செயலாக அவன் கையில் கிடைத்தாலும் புரியாது என்பது, எழுதத் தொடங்கியபோது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் அந்த ஆறுதலும் ஒரு ஒளிந்துகொள்ளல் என்று தெரிந்துவிட்டது. ஆகவே உன்னிடம் கேட்பது இது: பதினான்காம் தேதிக்கு முன், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதை அவனுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டு. சபாஷ் என்ற இடத்தையும் விடாமல் படி.

வெள்ளை உறையில் இருப்பது என் வாக்குமூலம். ஆங்கிலத்தில், தேதி, நேரம், அவன் சொன்ன அறிகுறிகள், நான் சொன்ன பதில் எல்லாம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். அதை மருத்துவரிடம் கொடு. அருள் சம்மதித்தால் அவனோடு சேர்ந்து கொடு. சம்மதிக்காவிட்டாலும் கொடு. அவனுக்கு அந்த இடம் போய்விடும். ஒருவேளை இனி விளையாடவே விடமாட்டார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் ஆசைப்பட்ட ஒரே தொழில் அது என்பதை நான் மறக்கவில்லை. உன்மேல் கோபப்படுவான். அந்தக் கோபம் எனக்கு உரியது. என் எண்ணைக் கொடுத்து என்னிடம் திட்டச் சொல். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன் அத்தையிடம் இன்று மாலை சொல்லப்போகிறேன். உனக்கு எழுதி முடிக்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை.

கடைசியாக, நீ கேட்டிருந்த கேள்வி. மருத்துவமனைப் படிவத்தில் குழந்தையின் கடைசிப் பெயராக எதை எழுதுவது, மாமா பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். அங்கே அதுதான் வசதி என்றும் சொன்னாய். நீ மரியாதையாகக் கேட்டதற்கு நன்றி, அம்மா. என் பெயர் வேண்டாம். நம் வழக்கப்படி அப்பன் பெயர், அருள்முருகன் என்றே எழுது. பள்ளிக்கூட வாசலில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பிள்ளையும் திரும்பிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் அப்பனும் திரும்பிப் பார்க்க வேண்டும். அது தன் பெயர்தான் என்று அருளுக்கு அப்போதும் நினைவிருக்க வேண்டும்.

உன்னை வாழ்த்தும் தகுதி எனக்கு மிச்சம் இருக்கிறதா என்பதை நீ முடிவு செய். வயதில் மூத்தவன் என்ற ஒரு முறையில், நீயும் அவனும் பிறக்கப்போகும் குழந்தையும் நீண்ட காலம் தெளிவோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தலைகுனிந்து,
உன் மாமா,
மு. கார்மேகம்

பின்குறிப்பு: அடுத்த முறை குளியலறையில் அவன் மாதங்களைச் சொல்லும்போது, செப்டம்பருக்குப் பிறகு என்ன சொல்கிறான் என்று கவனித்துக் கேள். ஆகஸ்டை விட்டுவிட்டால் எடுத்துக்கொடுக்காதே, அம்மா. நான் எடுத்துக்கொடுத்தேன்.